சிவப்புக் கோடு விழாத தவறுகள்

பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவர். இப்போது ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கிறார். நாளொன்றுக்கு முப்பது நாற்பது மின்னஞ்சல்கள், மாதம் ஓர் அறிக்கை, அவ்வப்போது அறிவிப்புப் பலகை வாசகங்கள், எல்லாமே ஆங்கிலத்தில். கடந்த ஆறு மாதங்களில் மூன்று தவறுகள் நடந்திருக்கின்றன.

பழுதான இயந்திரம் இரண்டு நாள் அசையாமல் நிற்கும் என்று அறிக்கையில் சொல்ல வந்தவர், அதற்குரிய 'ஸ்டேஷனரி'யை விட்டுவிட்டு, காகிதம், பேனா, உறைகளைக் குறிக்கும் இன்னொரு 'ஸ்டேஷனரி'யை எழுதிவிட்டார். கூட்டத்தில் சிரித்தார்கள். அடுத்தது, சரக்கு அனுப்பும் நிறுவனம் கேட்ட கூடுதல் கட்டணத்தை ஏற்கிறோம் என்பதற்கு 'அக்செப்டட்' என்று எழுத வேண்டிய இடத்தில், 'நீங்கலாக' என்று பொருள்படும் 'எக்செப்டட்' என்று எழுதி அனுப்பினார். "தர மறுக்கிறீர்களா?" என்று அங்கிருந்து கேள்வி வந்தது. மூன்றாவதுதான் அவருடைய தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. குடோனுக்கு வந்த தின்னர் பேரல்களின் மேல் 'இன்ஃப்ளேமபிள்' என்று இருந்தது. 'இன்' முன்னால் வந்தால் 'இல்லை' என்றுதானே பொருள் என்று நினைத்து, அவற்றை வெல்டிங் நடக்கும் இடத்தை ஒட்டி வைக்கலாம் என்று அறிவிப்பு தயாரித்து ஒட்டிவிட்டார். பேரல்களை நகர்த்துமுன் குடோன் பொறுப்பாளர் பார்த்துத் தடுத்தார்.

கேட்டிருக்கும் கேள்விகள் இவை: கணினி ஒரு தடவைகூடச் சிவப்புக் கோடு போடவில்லையே, ஏன்? உச்சரிப்பைத் திருத்திக்கொண்டால் சரியாகிவிடுமா? ஐந்நூறு ஜோடிச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிறார் ஒரு நண்பர், செய்யலாமா? அந்த 'எக்செப்டட்' மின்னஞ்சல் எங்களைக் கட்டுப்படுத்துமா? தமிழ் வழியில் படித்ததுதான் காரணம் என்றால், எழுதும் வேலையே வேண்டாம் என்று கணக்குப் பிரிவுக்கு மாற்றல் கேட்கட்டுமா?

அன்புச் சகோதரிக்கு,

கேள்விகளுக்குப் போகுமுன் குடோன் விஷயத்தை முடித்துவிடுவோம். கணினியில் இருந்த பிரதியைத் திருத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. அச்செடுத்த தாள்கள் எத்தனை, எங்கெங்கே ஒட்டினீர்கள் என்று எண்ணி, ஒவ்வொன்றையும் நேரில் போய்க் கழற்றுங்கள். வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போயிருந்தால், அதே குழுவில் "முந்தைய அறிவிப்பு தவறு. இந்தப் பேரல்கள் எளிதில் தீப்பற்றும். நெருப்புப் பொறி படும் இடத்தருகே வைக்கக் கூடாது" என்று தமிழிலேயே போடுங்கள். இரவுப் பணிக்கு வருபவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலாளரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மற்ற இரண்டைச் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். உயிர் சம்பந்தப்பட்ட இது அப்படி இல்லை.

அந்தச் சொல்லில் நீங்கள் விழுந்தது ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் பலர் விழுந்த பள்ளம். 'இன்' என்ற முன்னொட்டு ஆங்கிலத்தில் இரண்டு வேலை செய்கிறது. 'இன்விசிபிள்', 'இன்கரெக்ட்' என்பவற்றில் அது மறுப்பு. 'இன்ஃப்ளேமபிள்' என்பதிலோ 'தீ மூட்டு' என்ற பொருளுள்ள லத்தீன் வினையான 'இன்ஃப்ளமாரே'யின் முதல் அசை அது. மறுப்பே கிடையாது. மருத்துவர் சொல்லும் 'இன்ஃப்ளமேஷன்' இதே குடும்பத்துச் சொல். அதைத் தமிழில் அழற்சி என்கிறோம். அழல் என்றாலும் தீதான். இந்த ஓர் இணைப்பை மனதில் வைத்துக்கொண்டால் இனி அந்தச் சொல் உங்களை ஏமாற்றாது. ஆக, 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் பொருள் ஒன்றே: தீப்பற்றக்கூடியது. இரண்டுக்கும் எதிர்ச்சொல் 'நான்-ஃப்ளேமபிள்'. இந்தக் குழப்பம் உயிரை வாங்கும் என்பதால்தான் தீத்தடுப்புத் துறையினர் கடந்த நூற்றாண்டில் 'இன்' இல்லாத வடிவத்தை முன்னிறுத்தினார்கள். ஐக்கிய நாடுகள் அவை 2003இல் வெளியிட்ட ரசாயன லேபிள் முறையிலும் 'ஃப்ளேமபிள்' என்றே இருக்கிறது. கூடவே சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள் ஒரு தீச்சுடர். பேரலைப் பார்க்கும்போது கண் முதலில் அந்தப் படத்துக்குப் போகட்டும். நீங்கள் எழுதும் எதிலும் 'இன்ஃப்ளேமபிள்' வேண்டாம்.

இதே வகையில் இன்னொன்று: 'இன்வேல்யுவபிள்'. மதிப்பில்லாதது என்று நினைத்து விடாதீர்கள். மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது என்று பொருள். ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதும்போது தேவைப்படும்.

சிவப்புக் கோடு எதைப் பார்க்கிறது

எழுத்துப் பிழை திருத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: நீங்கள் தட்டிய எழுத்துக்கோவை என் அகராதியில் இருக்கிறதா? இருந்தால் விட்டுவிடும். 'எக்செப்டட்' அகராதியில் உள்ள சொல், ஆகவே கோடு விழவில்லை. அந்த இடத்துக்கு அது பொருந்துகிறதா என்பது அதற்குத் தெரியாது. கோடு இல்லை என்பதைச் சரி என்பதற்கான சான்றாக எடுத்துக்கொண்டதுதான் உங்கள் கடிதத்தில் நான் பார்த்த முதல் தவறான அனுமானம்.

சில நேரம் திருத்தியே தவறைக் கொண்டுவந்து வைக்கும். 'நிச்சயமாக' என்ற பொருளுள்ள 'டெஃபினிட்லி'யை எழுத்துக் குழறித் தட்டினால், 'எதிர்த்து நின்று' என்ற பொருளுள்ள 'டிஃபயன்ட்லி'யை அது எடுத்துக் கொடுத்துவிடுவதுண்டு. "நிச்சயமாக வருகிறேன்" என்று எழுத நினைத்தவர் "உங்களை எதிர்த்துக்கொண்டு வருகிறேன்" என்று அனுப்பியிருப்பார். பழைய திருத்திகள் சிலவற்றின் அகராதியில் 'கோஆப்பரேஷன்' இணைப்புக் கோட்டுடன் மட்டுமே இருந்தது. கோடில்லாமல் எழுதினால் கலிஃபோர்னியாவில் உள்ள 'கூபர்டினோ' என்ற ஊர்ப்பெயரைப் பரிந்துரைத்தன. ஒத்துழைப்பு இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஊர்ப்பெயரோடு பன்னாட்டு அமைப்புகளின் ஆவணங்களே வெளிவந்திருக்கின்றன. இவ்வகைத் தவறுகளுக்கு 'கூபர்டினோ விளைவு' என்ற பெயரே வந்துவிட்டது.

இப்போது வரும் இலக்கணத் திருத்திகள் வாக்கியத்தையும் பார்க்கின்றன. உங்கள் 'ஸ்டேஷனரி'யை அவை பெரும்பாலும் பிடித்துவிடும். பயன்படுத்துங்கள், ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். பொருள் இரண்டு பக்கமும் பொருந்தும் வாக்கியத்தில் அவை தடுமாறும். 'கட்டணங்கள் அக்செப்டட்', 'கட்டணங்கள் எக்செப்டட்' இரண்டுமே சரியான ஆங்கிலம்தானே. எதைச் சொல்ல வந்தீர்கள் என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அடுத்து, ஒப்பந்த வாசகங்களையும் விலைப்பட்டியலையும் இலவச இணையத் திருத்திகளில் ஒட்டுவது நிறுவன ரகசியத்தை வெளியே கொடுப்பதாக ஆகலாம். உங்கள் அலுவலகம் எதை அனுமதிக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ் வழி உங்களுக்குச் சாதகம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கடிதம் முழுவதும் இந்த வருத்தம்தான் ஓடுகிறது. நீங்கள் பள்ளியில் மயங்கொலிகள் படித்திருப்பீர்கள். ண, ன, ந, ல, ள, ழ, ர, ற என்று எட்டு. ஆற்றின் கரை, சட்டையில் கறை. கலை, களை, கழை. இவற்றை நீங்கள் இன்று தவறாக எழுதுவதில்லை. பட்டியலை ஒப்பித்ததாலா? இல்லை. 'கறை' என்றதும் துணியும் சோப்பும் நினைவுக்கு வருகின்றன, 'கரை' என்றதும் தண்ணீர். சொல் அதன் சுற்றத்தோடு உள்ளே போயிருக்கிறது. ஆங்கிலத்திலும் அதையேதான் செய்ய வேண்டும்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தமிழில் மயங்கொலிகளுக்கு ஒலியே வேறு. நாக்கைச் சரியாக வைத்தால் எழுத்து தானே வந்துவிடும். ஆங்கிலத்தில் பல ஜோடிகளுக்கு ஒலி முழுக்க ஒன்றே. வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கியது 1476இல். உயிரொலிகள் பெருமளவு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஒலி மாறிக்கொண்டே போக, அச்சு எழுத்தை உறைய வைத்தது. போதாததற்கு லத்தீன், பிரெஞ்சுச் சொற்கள் தங்கள் எழுத்துகளோடு வந்து குடியேறின. அதனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் வேகமாகத் தட்டும்போது ஒலியைப் பின்பற்றித் தவறான இரட்டையை எழுதிவிடுகிறார்கள்.

உச்சரிப்புப் பற்றிய கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. சில ஜோடிகளுக்கு அது உதவும். 'அட்வைஸ்' என்று தமிழில் ஒரே மாதிரி எழுதுகிறோம். ஆங்கிலத்தில் சி எழுத்து வரும் பெயர்ச்சொல்லுக்கு முடிவில் சாதாரண ஸகர ஒலி. எஸ் எழுத்து வரும் வினைச்சொல்லுக்கு இசட்டின் அதிர்வொலி. ஒரு ஓ உள்ள 'லூஸ்' இழப்பது, அதற்கும் முடிவில் அதே அதிர்வொலி. இரண்டு ஓ உள்ள 'லூஸ்' தளர்ந்தது, அதற்குச் சாதாரண ஸகரம். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட இடமில்லை, ஆகவே காதைப் பழக்கினால் பலன் உண்டு. ஆனால் இரண்டு 'ஸ்டேஷனரி'யும் ஒரே ஒலி, இரண்டு 'பிரின்சிபல்' அப்படியே, பாராட்டையும் நிறைவு செய்வதையும் குறிக்கும் இரண்டு 'காம்ப்ளிமென்ட்'டும் அப்படியே. எவ்வளவு நல்ல உச்சரிப்பும் அங்கே கைகொடுக்காது.

அங்கேதான் தமிழ் கைகொடுக்கும். ஐயம் வரும் சொல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் தமிழ்ச் சொல்லை வைத்து வாக்கியத்தைப் படியுங்கள். "கூடுதல் கட்டணங்களை ஏற்கிறோம்" என்பதா, "கூடுதல் கட்டணங்கள் நீங்கலாக" என்பதா? 'ஏற்க', 'நீங்கலாக' இரண்டையும் எந்தத் தமிழராவது குழப்பிக்கொள்வாரா? இரட்டையர் போலத் தெரிவதெல்லாம் ஆங்கில எழுத்தில்தான். பொருளில் அவர்கள் அந்நியர்கள். இரு மொழி தெரிந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் சோதனை இது.

பட்டியல் வேண்டாம், ஜோடியும் வேண்டாம்

நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் அந்த வழி கேடு செய்யும். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு புதிய சொற்களை ஒரே நேரத்தில் அருகருகே வைத்துப் படித்தால், மனம் இரண்டையும் சேர்த்தே முடிச்சுப் போட்டுவிடும். பிறகு ஒன்றைத் தேடும்போது இரண்டும் சேர்ந்து வரும். "அந்த இரண்டில் ஒன்று, எது என்றுதான் தெரியவில்லை" என்று தவிக்கிறீர்களே, அந்தத் தவிப்பை உண்டாக்குவதே ஜோடியாகப் படிப்பதுதான்.

பதிலாக இப்படிச் செய்யுங்கள். ஜோடியில் உங்கள் வேலைக்கு அதிகம் தேவைப்படும் சொல்லை மட்டும் எடுங்கள். அதைக்கொண்டு உங்கள் அலுவலகத்தில் நிஜமாக எழுதக்கூடிய ஐந்து வாக்கியங்களைக் கையால் எழுதுங்கள். அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் பார்க்காமல் எழுதிச் சரிபாருங்கள். அது யோசிக்காமல் வரும் நிலைக்கு வந்த பிறகு, பத்து நாள் கழித்து, மற்றதைத் தொடுங்கள். இரண்டும் உறுதியான பின்தான் கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சியில் இரண்டையும் கலக்கலாம். நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஐந்நூறு தேவையில்லை. உங்கள் பழைய மின்னஞ்சல்களைப் புரட்டினால் நீங்கள் திரும்பத் திரும்பத் தடுமாறுவது பன்னிரண்டு பதினைந்து சொற்களில்தான் என்று தெரியும். அதுதான் உங்கள் பட்டியல்.

சொல்லை அதன் இரட்டையிடமிருந்து பிரித்து, குடும்பத்தோடு சேர்ப்பது அடுத்த வேலை. 'பேக்கரி', 'ஃபிஷரி' என்ற சொற்களைப் பாருங்கள். 'பேக்கர்', 'ஃபிஷர்' என்ற தொழில்காரர் பெயரோடு ஒய் சேர்ந்தவை, அதனால் ஈ ஆர் ஒய். எழுதுபொருள் விற்பவர் 'ஸ்டேஷனர்', ஈ ஆர். அவர் விற்பதும் ஈ ஆர் ஒய். 'பிரைமரி', 'செகண்டரி', 'டெம்பரரி' போன்றவை பண்பைச் சொல்பவை, ஏ ஆர் ஒய். அசையாமல் நிற்பதும் பண்புதான், ஆகவே ஏ. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. ஊர் ஊராகச் சுற்றாமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்திருந்த இடைக்காலப் புத்தக வணிகரே 'ஸ்டேஷனர்'.

'பிரின்சிபல்' என்பதிலும் இப்படித்தான். 'நேஷனல்', 'லீகல்', 'சென்ட்ரல்' என்று ஏ எல்லில் முடியும் பலவும் பெயரடைகள். அந்த வரிசையில் வரும் 'பிரின்சிபல்' முதன்மையான என்று பொருள்படும். கல்லூரி முதல்வர் முதன்மையானவர், கடனின் அசல் முதன்மைத் தொகை, எல்லாம் ஏ எல். எல் ஈ என்று முடிவது கொள்கை, நெறி. அது பெயர்ச்சொல்லாக மட்டுமே வரும். ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வருகிறது என்றால் யோசிக்காமல் ஏ எல் போடலாம். வட்டிக் கணக்குக் கடிதங்களில் இந்தத் தவறு நிறைய நடக்கிறது.

'லூஸ்' குடும்பம் எளிது. இழப்பின் உறவினர்களான 'லாஸ்ட்', 'லாஸ்' எல்லாவற்றிலும் ஒரே ஓ. தளர்வின் உறவினரான 'லூசன்' என்பதில் இரண்டு ஓ.

பாதிப்பது என்ற 'அஃபெக்ட்', விளைவு என்ற 'எஃபெக்ட்' பற்றிப் பெரும்பாலோர் சொல்வது, ஏ வந்தால் வினை, ஈ வந்தால் பெயர் என்பது. நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் அது போதும். முன்னால் 'தி' அல்லது 'ஆன்' நின்றால் ஈ. ஆனால் அலுவலகக் கடிதங்களில் ஒரு விலக்கு அடிக்கடி வரும்: 'எஃபெக்ட் பேமென்ட்'. இங்கே ஈ உள்ளது வினையாக நின்று 'நிறைவேற்று, நடத்திமுடி' என்று பொருள் தருகிறது. அது சரிதான். அரைகுறை விதி தெரிந்த யாராவது அதை ஏ போட்டுத் திருத்தினால், "பணம் செலுத்து" என்பது "பணம் செலுத்துவதற்குப் பாதிப்பு உண்டாக்கு" என்று மாறிவிடும். உங்கள் மேலாளர் எழுதியதைத் திருத்தப் போகுமுன் இதை நினைவில் வையுங்கள்.

சி, எஸ் விஷயத்தில் தவறாகாத ஒன்றைத் தவறு என்று நினைத்து விடாதீர்கள். 'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' இரண்டிலும் பிரிட்டிஷ் வழக்கில் பெயருக்குச் சி, வினைக்கு எஸ். அமெரிக்க வழக்கில் 'பிராக்டிஸ்' எப்போதும் சி, 'லைசென்ஸ்' எப்போதும் எஸ். உங்கள் வாடிக்கையாளர் எந்த நாட்டவரோ அந்த வழக்கில் எழுதுவார். நிறுவனம் எதைப் பின்பற்றுகிறதோ அதில் நீங்கள் உறுதியாக இருந்தால் போதும். 'அட்வைஸ்' மட்டும் இரு நாட்டிலும் ஒன்றுபோலவே பிரிகிறது. ஆகவே ஐயம் வந்தால் அந்த இடத்தில் 'அட்வைஸ்' போட்டு, எந்த ஒலி வருகிறது என்று காதால் பார்த்துக்கொள்ளலாம்.

பணமும் நாளும் சம்பந்தப்பட்ட சொற்கள்

'எக்செப்டட்' மின்னஞ்சலுக்கு வருகிறேன். சட்டப்படி அது உங்களைக் கட்டுப்படுத்துமா என்பதை உங்கள் நிறுவன வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். பொதுவாக ஒரு சொல் பிழையானதால் மட்டும் ஒப்பந்தம் முறிந்துவிடாது. முன்பின் கடிதங்களையும் சேர்த்துத்தான் பொருள் கொள்வார்கள். வெளிப்படையான எழுத்துப் பிழையை அப்படித்தான் கருதுவார்கள். உங்கள் சிக்கல், அந்தப் பிழை பிழையாகத் தெரியாததுதான். "கட்டணங்கள் நீங்கலாக ஒப்புக்கொள்கிறோம்" என்று நல்ல பொருள் தருகிறது. விலைச்சீட்டுகளின் அடியில் 'ஈ அண்ட் ஓ ஈ' என்று பார்த்திருப்பீர்கள். பிழைகளும் விடுபட்டவையும் நீங்கலாக என்று பொருள். கடைசி ஈ இதே 'எக்செப்டட்'தான். வணிகத்தில் வழக்கமான சொல் என்பதால் எதிர்த்தரப்பு அதை அப்படியே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அவர்கள் கேள்வி கேட்டது உங்கள் நல்ல நேரம்.

திருத்தத்தை அதே மின்னஞ்சல் தொடரில் அனுப்புங்கள். தலைப்பில் 'திருத்தம்' என்பதற்குரிய சொல் முதலில் வரட்டும். தவறாகப் போன வாக்கியத்தைத் தேதியோடு அப்படியே எடுத்துக்காட்டி, அடுத்த வரியில் சரியான வாக்கியம், தொகையை எண்ணில். "மேலே உள்ள வாக்கியத்துக்குப் பதிலாக இதைக் கொள்ளவும்" என்று ஒரு வரி. நீண்ட மன்னிப்பு வேண்டாம், அது திருத்தத்தை மறைத்துவிடும். அவர்கள் கிடைத்ததாகப் பதில் போடும்வரை விஷயம் முடிந்ததாக நினைக்காதீர்கள். தொலைபேசியில் மட்டும் சொல்லி விடவும் வேண்டாம்.

ஒற்றை எழுத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து நீதிமன்றம் 2015இல் அளித்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 'டெய்லர் அண்ட் சன்' என்ற நிறுவனத்தைக் கலைக்க 2009இல் உத்தரவானது. நிறுவனப் பதிவகம் அதை 'டெய்லர் அண்ட் சன்ஸ்' என்ற வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிந்துவிட்டது. கடைசி எஸ் மட்டுமே வேறுபாடு. திருத்துவதற்குள் கடன் கொடுத்தவர்களும் சரக்கு கொடுத்தவர்களும் பின்வாங்கினார்கள். 250 பேருக்கு மேல் வேலை பார்த்த நிறுவனம் மூழ்கியது. பதிவகமே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது, ஆனால் நிறுவனம் திரும்பி வரவில்லை. நிறுவனப் பெயர் எழுதும்போது நினைவிலிருந்து தட்டாமல், அவர்களுடைய ஆவணத்திலிருந்தே எடுத்து ஒட்டுங்கள். பதிவு எண்ணும் சேர்த்து எழுதுங்கள்.

ஒப்பந்த வாசகங்களில் சில சொற்களைப் பழகுவதைவிட விட்டுவிடுவதே மேல். 'பையானுவல்' ஆண்டுக்கு இருமுறை, 'பையெனியல்' இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 'பைமன்த்லி' என்பதோ இரு பொருளிலும் வழங்குகிறது, அகராதியே இரண்டையும் தருகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இன்ன தேதிகளில் என்று எழுதிவிடுங்கள். 'லெஸர்' என்பவர் குத்தகைக்கு விடுபவர், 'லெஸீ' எடுப்பவர். முடிவில் உள்ள இரண்டு எழுத்து மாறினால் வாடகை கொடுக்க வேண்டியவரே மாறிவிடுவார். உரிமையாளர், வாடகைதாரர் என்ற சொற்களை ஆங்கிலத்தில் போட்டால் குழப்பமே இல்லை. 'பிரிஸ்கிரைப்' என்றால் விதிப்பது, பரிந்துரைப்பது. 'புரோஸ்கிரைப்' என்றால் தடை செய்வது. பழைய ரோமில் கி.மு. 82இல் சுல்லா என்ற ஆட்சியாளன் தன் எதிரிகளின் பெயர்களைப் பலகையில் எழுதி வெளியிட்டு அவர்கள் உயிருக்கு உலை வைத்தான். அந்தச் சொல்லின் வாரிசு இது. "விதிக்கப்பட்ட கையுறையை அணிக" என்பது ஓர் எழுத்து மாறினால் "தடை செய்யப்பட்ட கையுறையை அணிக" என்று ஆகும். தடை என்று சொல்ல 'பேன்' என்ற மூன்றெழுத்துச் சொல் போதும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, யாரும் பட்டியலில் சேர்க்காத 'நவ்', 'நாட்'. ஓர் எழுத்து தவறித் தட்டினால் "இப்போது அனுப்ப முடியும்" என்பது "அனுப்ப முடியாது" ஆகிவிடும். எந்தத் திருத்தியும் முகம் சுளிக்காது.

அனுப்புமுன்

சரிபார்க்கும் முறைகளில் ஒன்று பலன் தராது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்வார்கள். உருக்குலைந்த எழுத்தைப் பிடிக்க அது நல்லது. உங்கள் தவறுகளிலோ ஒவ்வொரு சொல்லும் தனியாகப் பார்த்தால் சரியானது, ஆகவே பின்னோக்கிப் படித்தால் எதுவும் சிக்காது. கணினியை உரக்கப் படிக்க வைப்பது 'நவ்', 'நாட்' போன்றவற்றைப் பிடிக்கும், 'ஸ்டேஷனரி'யைப் பிடிக்காது.

உங்களுக்கு ஏற்றது தேடல். கன்ட்ரோல் எஃப் அழுத்தி, உங்கள் பன்னிரண்டு சொற்களையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இரட்டையர் இருவருக்கும் பொதுவான பகுதியைத் தட்டினால் இரண்டும் சேர்ந்தே அகப்படும். அகப்பட்ட இடத்தில் தமிழ்ச் சொல்லை வைத்துப் பாருங்கள். சாதாரண மின்னஞ்சலுக்கு இது வேண்டாம். பணம், தேதி, பாதுகாப்பு, ஒப்புதல் என்ற நான்கில் ஒன்று இருந்தால் கட்டாயம் செய்யுங்கள். பாதுகாப்பு அறிவிப்பாக இருந்தால் இன்னொருவர் கையெழுத்தில்லாமல் ஒட்ட வேண்டாம். அவரிடம் "சரியா பாருங்க" என்று நீட்டாதீர்கள், "இதைப் படிச்சா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். வேர்டில் விலக்கு அகராதி என்று ஒரு வசதி உண்டு. உங்களுக்குத் தேவையே இல்லாத சரியான சொற்களை, உதாரணமாகப் 'புரோஸ்கிரைப்'பை, அதில் சேர்த்துவிட்டால் அதற்கும் சிவப்புக் கோடு விழும்.

கவனமாக இரு என்று சொல்வது மட்டும் தீர்வாகாது என்பதை மருத்துவ உலகம் உணர்ந்து நடந்திருக்கிறது. அமில மருந்தான 'லோசெக்'கும் சிறுநீர் பிரிக்கும் 'லேசிக்ஸ்'ஸும் குழம்பியதால், அமெரிக்காவில் 1990இல் முதல் மருந்தின் பெயரையே 'பிரைலோசெக்' என்று மாற்றினார்கள். பெயரை மாற்ற முடியாத மருந்துகளுக்கு, வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் முறையை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2001இல் முன்வைத்தது. உங்கள் குறிப்பேட்டிலும் இதைச் செய்யலாம். வேறுபடும் அந்த ஓர் எழுத்தை மட்டும் பெரிதாக, வேறு மையில் எழுதுங்கள்.

மாற்றல் விஷயம். கணக்குப் பிரிவில் எண்கள் பிடிக்கும் என்றால் தாராளமாகக் கேளுங்கள். தவறுக்குப் பயந்து என்றால் வேண்டாம், அசலும் குத்தகையும் ஆறு மாதத் தவணையும் அங்கேதான் அதிகம். மேலாளரிடம் பேசும்போது மூன்று கேளுங்கள்: பாதுகாப்பு அறிவிப்புகளுக்கு இரண்டாவது கையெழுத்து, ஒப்புதல் மின்னஞ்சல்களுக்கு நிலையான ஒரு மாதிரி வாசகம், குடோன் அறிவிப்புகளைத் தமிழிலும் ஒட்ட அனுமதி. மூன்றும் உங்களுக்கு மட்டுமல்ல, அடுத்து அந்த நாற்காலியில் அமர்பவருக்கும் உதவும்.

முதல் வாரத்துக்கு 'அக்செப்ட்' மட்டும் எடுங்கள். ஐந்து வாக்கியங்கள், அதில் ஒன்று அந்தச் சரக்கு நிறுவனத்துக்கு எழுதும் திருத்தமாகவே இருக்கட்டும். 'எக்செப்ட்' பத்து நாள் கழித்து வரட்டும்.